நோட்டில் ஏறாத பெயர்

செம்பரம்பாக்கம் ஏரியின் கணக்கு தினமும் பேப்பரில் வந்துவிடும். மொத்தம் 24 அடி, இன்றைக்கு இத்தனை அடி, வரத்து இவ்வளவு, வெளியேற்றம் இவ்வளவு. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு ஐப்பசி, கார்த்திகையில் அந்த எண்ணைப் பார்க்காமல் சென்னைக்காரர்களுக்குப் பொழுது விடியாது. ஏரியை விட்டு வடமேற்கே நேமம், வெள்ளவேடு பக்கம் கிளை பிரியும் சாலைகளில் இன்னொரு கணக்கும் நாள் தவறாமல் எழுதப்படுகிறது. மேஸ்திரியின் அக்குளில் செருகிய, ஓரம் மடங்கிய நோட்டு. பக்கத்துக்கு ஒரு ஜோடி. ஜோடியின் பேருக்கு நேரே தேதி, கல், கொடுத்த காசு.

ஜோடி என்றால் புருஷன், பெண்டாட்டி. காகிதத்தில் அவ்வளவுதான்.

செங்கல் சூளைக்கு எதிரே தகரக் கூரை போட்ட டீக்கடை ஒன்று இருக்கிறது. காலை ஏழு மணிக்கு அதன் பெஞ்சில் உட்கார்ந்தால் களம் முழுக்கத் தெரியும். நான் முதல் டீயைக் கையில் வாங்கும் நேரம் அங்கே பாதி நாளுக்கு மேல் முடிந்திருக்கும். வெயில் ஏறினால் கல் வெடிக்கும், ஆளும் தாங்க மாட்டான். அதனால் விடியலுக்கு மூன்று நான்கு மணி நேரம் முன்பே பல்பு வெளிச்சத்தில் அறுக்கத் தொடங்கிவிடுகிறார்கள். முந்தைய மாலையே தண்ணீர் விட்டு ஊறப்போட்ட மண். பெண்டாட்டி பிசைந்து உருட்டி உருட்டிக் கொண்டுவந்து போடுகிறாள். புருஷன் குத்துக்காலிட்டு, அச்சில் மணலைத் தூவி, உருண்டையை ஓங்கி அறைந்து, மேலே வழித்துவிட்டுக் கவிழ்க்கிறான். எழுந்திருப்பதில்லை. உட்கார்ந்தபடியே பின்னால் நகர்கிறான். அவன் முன்னால் பச்சைக் கல் வரிசை நீள்கிறது.

அவர்கள் மகளுக்கு ஒன்பது பத்து வயது இருக்கும். முழங்கால்வரை வரும் அப்பாவின் பழைய பனியன். அவளுக்குப் புதிய வரிசையில் வேலை இல்லை, நேற்றைய வரிசையில்தான். நேற்று அறுத்த கல் மேலே காய்ந்திருக்கும், அடியில் ஈரம் இருக்கும். ஒவ்வொன்றையும் பக்கவாட்டில் திருப்பி நிறுத்த வேண்டும். பெரியவர்கள் அந்த வரிசைகளுக்குள் காலை வைத்தால் ஓரம் நசுங்கிவிடும். இவள் பாதம் சிறியது, உடம்பில் எடை இல்லை. ஈரக் கல்லின்மேல் மிதித்தாலும் தடம் பதிவதில்லை. தோசையைத் திருப்புகிற லாகவத்தில் வரிசையாகத் திருப்பிக்கொண்டே போகிறாள். சோறு பற்றாமல் மெலிந்த உடம்பு இங்கே ஒரு தொழில் தகுதி. இந்தியாவில் மட்டுமல்ல, பாகிஸ்தான் பஞ்சாபின் சூளைகளிலும் கல்லைத் திருப்புவது குழந்தைகள்தான், அதே காரணத்துக்காக.

அவளுக்குப் பின்னால் ஒரு பையன், ஆறு வயது போல. உடைந்த பிளாஸ்டிக் பேசினில் அப்பனுக்கு மணல் கொண்டுபோய்க் கொட்டுகிறான். பாதி வழியில் பேசினைக் கவிழ்த்துத் தலையில் போட்டுக்கொள்கிறான். அம்மா ஏதோ சொல்கிறாள். ஒடியா மொழி, எனக்குப் புரியவில்லை. குரலில் கோபம் இல்லை என்பது மட்டும் தெரிகிறது. பையன் திரும்பவும் மணல் அள்ளப் போகிறான்.

யாரும் இந்தக் குழந்தைகளை அதட்டவில்லை. கையில் குச்சியோடு நிற்கும் முதலாளியை எதிர்பார்த்து வருகிறவர்கள் இந்தக் களத்தில் ஏமாந்துதான் போவார்கள். பெண் நடுவில் நிறுத்தி ஒரு நாயைப் பார்க்கிறாள். எறும்புப் புற்று ஒன்றைக் கிளறுகிறாள். பிறகு, யாரும் கூப்பிடாமலே, வேலைக்குத் திரும்புகிறாள்.

அன்றைக்கு லோடு ஏற்ற வந்த லாரி டிரைவர் வாய் சும்மா இருக்காதவர். மேஸ்திரியைப் பார்த்துக் கேட்டார்.

"ஏன் மேஸ்திரி, இந்தப் பொண்ணெல்லாம் ஸ்கூலுக்குப் போறதில்லியா? ஆபீசரு வந்தா மாட்டிக்க மாட்ட?"

மேஸ்திரிக்குக் கோபம் வரவில்லை. பலமுறை சொல்லிப் பழகிய பதில்.

"யாருண்ணா அத வேலைக்கு வெச்சது? நோட்ட வேணா பாரு. அது பேரே கெடையாது. அவங்கம்மா அப்பாகூட வெளாடிக்கினு கெடக்குது."

பொய் சொல்லவில்லை. நோட்டில் அவள் பெயர் இல்லை. ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி. இரண்டு பெரியவர்கள் மட்டும் அறுத்து, திருப்பி, காய்ந்ததும் எடுத்து அட்டி போட்டால் நாளுக்கு எத்தனை கல் வருமோ, அதைவிட இருநூறு, முந்நூறு கல் கூட வந்தால்தான் வாரக் காசு போக, வாங்கிய முன்பணத்தில் ஏதாவது கழியும் என்கிற மாதிரி அந்த விலை அமைந்திருக்கிறது. கூட வேண்டிய கல்லுக்குக் கை எங்கிருந்து வரும்? வீட்டில் இருக்கும் கைதான் வரும். முதலாளி குழந்தையை வேலைக்கு வைப்பதில்லை. ஆயிரத்துக்கு இவ்வளவு என்று விலையை வைக்கிறார். குழந்தை தானாகவே களத்துக்கு வந்துவிடுகிறது. மேற்கு ஒடிசாவில் ஆள் பிடிக்கும் சர்தார்கள் இதை மறைப்பது கூட இல்லை. அங்கே சூளை வேலைக்கான குடும்ப அலகுக்குப் பத்துரியா என்று பெயர். ஆண், பெண், ஒரு குழந்தை. முன்பணம் அந்த மூன்று பேருக்கும் சேர்த்துத்தான். இங்கே வந்து நோட்டில் ஏறும்போது மூன்றாவது ஆள் மறைந்துவிடுகிறது.

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் யுனிசெஃபும் 2021-இல் வெளியிட்ட கணக்குப்படி உலகில் 16 கோடிக் குழந்தைகள் உழைப்பில் இருந்தார்கள்; அதில் 72 சதவீதம் குடும்பத்துக்குள்ளேயே நடக்கும் உழைப்பு. 2025-இல் வந்த அடுத்த அறிக்கை மொத்தத்தை 13.8 கோடி என்கிறது. குறைந்திருக்கிறது, மகிழ்ச்சிதான். ஆனால் நூற்றில் எழுபது பேருக்கு மேல் அப்பா அம்மாவின் பக்கத்தில் நின்று வேலை செய்கிறவர்கள் என்றால், முதலாளியைத் தேடிப் போகிற சட்டம் அவர்களில் எத்தனை பேரைக் கண்டுபிடிக்கும்? 1986-இல் வந்த குழந்தைத் தொழிலாளர் சட்டத்தை 2016-இல் திருத்தினார்கள். 14 வயதுக்குக் கீழே எந்த வேலையும் கூடாது என்று கறாராகச் சொன்ன அதே திருத்தம், பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவலாம் என்று ஒரு சன்னலைத் திறந்து வைத்தது. சூளை இந்தக் குடும்பத்தின் தொழில் அல்ல. மண்ணும் அவர்களுடையதல்ல, அச்சுகூட அவர்களுடையதல்ல. ஆனால் தூரத்திலிருந்து பார்க்கிறவருக்கு அப்பனும் அம்மாவும் பிள்ளைகளுமாக ஒரு குடும்பம் வேலை செய்கிறது. படம் பொருந்திவிடுகிறது.

வறுமை என்று ஒரே சொல்லில் இதை முடித்துவிடுகிறவர்கள் நிறையப் பேர். கட்டுரைப் போட்டிகளில் வறுமை, அறியாமை, மக்கள்தொகை என்று மூன்றாக எழுதினால் பரிசும் உண்டு. எனக்கு அந்த விடையில் நம்பிக்கை இல்லை. காரணம், டீக்கடை அக்கா.

அக்காவுக்கு ஐம்பது தாண்டியிருக்கும். லாரி டிரைவர் காலி கிளாஸை வைத்துவிட்டுப் போன பிறகு, கேட்பாரில்லாமலே சொன்னார்.

"நானும் காளவாய்ல கல்லு பொரட்டினவதான். இதே மாரிதான், இந்த வயசுல. எம்ஜியாரு அப்பதான் ஸ்கூல்ல சோறு போட ஆரம்பிச்சாரு. சோறு ஸ்கூல்ல இருந்துச்சு, நாங்க காளவாய்ல இருந்தோம். எங்கப்பன் அட்வான்ஸ் வாங்கிட்டான், என்னா பண்றது."

பிறகு கொதிக்கும் பாலை இறக்கிக்கொண்டே, "எம் புள்ள அப்படி இல்ல" என்றார். மகன் இருங்காட்டுக்கோட்டையில் ஏதோ உதிரிபாகக் கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலை. பத்தாவதுக்கு மேல் ஐடிஐ.

அக்கா வீட்டில் அப்போதும் வறுமை, மகன் படித்த காலத்திலும் வறுமை. அவர் புருஷன் ஏரிப் பாசன நிலத்தில் கூலி. அந்த நிலங்கள் பலவும் இன்றைக்கு மனைக்கட்டுகள். மாறியது வறுமையின் அளவு மட்டுமல்ல. மகன் காலத்தில் முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு களத்தில் போய்த் தங்கும் கட்டாயம் இல்லை. நடந்து போகிற தூரத்தில் பள்ளிக்கூடம் இருந்தது, அதில் தெரிந்த மொழி இருந்தது, மதியம் சோறு இருந்தது. காமராஜர் 1956-இல் தொடங்கிய மதிய உணவு 1982-இல் சத்துணவாகி, 2022-இல் காலை உணவும் சேர்ந்தது. 1998-இல் ஹூண்டாயின் முதல் கார் இருங்காட்டுக்கோட்டையை விட்டு வெளியே வந்தபோது, பிள்ளையைப் படிக்க வைத்தால் பக்கத்திலேயே ஒரு வேலை இருக்கிறது என்பதும் கண்ணுக்குத் தெரிந்தது. இப்படித்தான் தமிழ்க் குழந்தைகள் இந்தக் களங்களிலிருந்து ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். அதற்காக நாம் பெருமைப்படலாம், தப்பில்லை. களம் காலியாகவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பூந்தமல்லி பைபாஸில் இரண்டு பக்கமும் அடுக்குமாடி எழும்ப எழும்பக் கல் வேண்டியிருந்தது. 1,000 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வேறு குழந்தைகள் வந்து அந்த இடத்தில் நின்றார்கள்.

அவர்கள் வரும் வழி எல்லாருக்கும் தெரிந்ததுதான். மேற்கு ஒடிசாவின் பாலாங்கீர், நுவாபடா, களஹாண்டி, பர்கட். வானம் பார்த்த ஒருபோக நிலம், அதுவும் கையகலம். ஆவணி, புரட்டாசி வாக்கில் புதிர் எடுக்கும் நுவாகாய்த் திருவிழா. புதுத்துணி எடுக்க, பழைய கடன் அடைக்க, மகள் கல்யாணத்துக்கு, எல்லாவற்றுக்கும் பணம் தேவைப்படும் நேரம் பார்த்துச் சர்தார் வீட்டு வாசலுக்கு வருகிறான். முன்பணம் கைமாறுகிறது. அறுவடை முடிந்ததும் காண்டாபாஞ்சி ரயில் நிலையத்தில் பாத்திர பண்டம், அரிசி மூட்டை, கோழி சகிதம் குடும்பங்கள் உட்கார்ந்திருக்கும். தை பிறக்கும்போது இங்கே களத்தில் குடிசை போட்டாகிவிடும். ஆனி வரைக்கும் இங்கேதான். முன்பணம் கொடுத்து உழைப்பைக் கட்டிப்போடுவது கொத்தடிமை முறை என்று 1976-லேயே சட்டம் சொல்லிவிட்டது. சர்தாருக்கு அந்தச் சட்டத்தைவிடத் தன் பணத்தின் பலம் தெரியும். 2013 டிசம்பரில் களஹாண்டிப் பகுதித் தொழிலாளர்கள் இரண்டு பேரின் வலது கையை முன்பணத் தகராறில் ஏஜெண்டுகள் வெட்டினார்கள். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து அந்த வழக்கை எடுத்தது. பணம் வாங்கிய வீட்டில், குழந்தையை இந்த வருஷம் பாட்டியிடம் விட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்லும் துணிச்சல் எவ்வளவு இருக்கும் என்று அதை வைத்து ஊகிக்கலாம்.

கடன் எதற்காக என்பதற்கும் இதே மாவட்டத்தில் ஒரு சாட்சி உண்டு. 2020 மே, ஊரடங்கு. திருவள்ளூர் மாவட்டத்துப் புதுக்குப்பம் சூளையில், ஊருக்கு அனுப்புங்கள் என்று கேட்டவர்களை ஆள் வைத்து அடித்தார்கள். பத்தொன்பது வயது பாலாங்கீர்ப் பெண் ஒருத்தி அதைச் செல்போன் வழியாக வெளியுலகத்துக்குச் சொன்னாள். அதிகாரிகள் வந்தார்கள், மாவட்டத்துச் சூளைகளிலிருந்து 6,000 பேருக்கு மேல் ஊர் திரும்பினார்கள். அந்தப் பெண் தன் அப்பாவோடும் 10 வயதுத் தங்கையோடும் அங்கே வந்தது 28,000 ரூபாய்க்காக. அம்மாவின் வைத்தியத்தில் ஏறிய கடன். பாலாங்கீரில் காசு கேட்காத, வேலை செய்கிற ஓர் ஆஸ்பத்திரி இருந்திருந்தால் அந்தப் பத்து வயதுக் குழந்தை திருவள்ளூர் மாவட்டத்தைப் பார்த்திருக்கவே மாட்டாள். குழந்தை உழைப்பின் காரணங்களைப் பட்டியல் போடுகிறவர்கள் மருத்துவச் செலவை எங்கோ கடைசியில் வைக்கிறார்கள். அதை முதல் வரிக்குக் கொண்டுவர வேண்டும் என்பது என் கட்சி.

சித்திரையில் ஒரு நாள் சாயங்காலம் கோடைமழை பிடித்துக்கொண்டது. ஏரிக்கரைப் பக்கமிருந்து மண்வாசனை வரும்போதே களத்தில் கூச்சல். டீக்கடைக்காரர்களுக்கும் வீட்டுக்காரர்களுக்கும் கோடைமழை சந்தோஷம், இங்கே ஓட்டம். தார்ப்பாய், கிழிந்த பிளாஸ்டிக் படுதா, உரச்சாக்கு, கையில் கிடைத்ததை எல்லாம் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அந்தப் பெண் படுதாவின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் அட்டியின்மேல் உடைந்த கல்லைப் பாரம் வைத்தாள். பையன் ஒரு மூலையில் படுத்தே விட்டான். அவன் உடம்புதான் அந்த மூலைக்குப் பாரம். இருபது நிமிஷ மழை. மூடாத இரண்டு வரிசை கரைந்து பழையபடி மண்ணாகக் கிடந்தது. மேஸ்திரி குடையோடு வந்து பார்த்தான். நோட்டை எடுக்கவில்லை. கரைந்த கல்லுக்குக் கணக்கு கிடையாது. மழை முதலாளியின் நஷ்டம் அல்ல, அறுத்தவன் நஷ்டம். அன்றைக்கு இரவு எட்டு மணிக்கே பல்பு எரிந்தது.

படிப்பு? முயற்சி நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. திருவள்ளூர் மாவட்டச் சூளைகளிலேயே பணியிடப் பள்ளிகள் நடத்தியிருக்கிறார்கள். ஒடிசாவிலிருந்து பாடப்புத்தகம் வரவழைத்து, ஒடியா தெரிந்த வாத்தியார்களை வைத்து, அனைவருக்கும் கல்வி இயக்கமும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து செய்த வேலை. நல்ல வேலை. ஆனால் இங்கே பள்ளிக்கூடத்தின் ஆண்டு ஜூனில் தொடங்கும், சூளையின் ஆண்டு ஜூனில் முடியும். அங்கே அரைப் பரீட்சைக்குள் கிளம்பிவிட்டு, இங்கே பாதிப் புத்தகத்தில் சேர்ந்து, இங்கத்திய கோடை விடுமுறையில் களத்தில் முழுநேரமாகி, ஊர் போய்ச் சேரும்போது வகுப்பு மாறியிருக்கும். இரண்டு மாநிலத்துப் பதிவேட்டிலும் அவள் பெயர் இருக்கலாம், இரண்டிலும் அவள் இல்லை. பக்கத்து அரசுப் பள்ளியில் காலையில் உப்புமாவோ பொங்கலோ போடும் நேரம்தான் அவள் கல் திருப்பும் நேரமும்.

ஒடிசாவில் இன்னொரு வழி செய்து பார்த்தார்கள்: பருவகால விடுதி. பெற்றோர் சூளைக்குப் போகும் ஐந்தாறு மாதம் பிள்ளைகள் ஊரிலேயே, பள்ளியை ஒட்டித் தங்கிச் சாப்பிட்டுப் படிப்பது. எனக்கு இதில்தான் கொஞ்சம் நம்பிக்கை. ஏனென்றால் அந்தப் பெண்ணின் வருஷம் முடிவாவது நுவாகாய்ச் சமயத்தில், சர்தார் வாசலில் நிற்கும்போது. பங்குனியில் செம்பரம்பாக்கத்துக்கு ஜீப்பில் வரும் அதிகாரி, எவ்வளவு நல்லவராக இருந்தாலும், ஆறு மாதம் தாமதமாகத்தான் வருகிறார். அவர் குழந்தையைக் களத்திலிருந்து விலக்கலாம். அப்பன் வாங்கிய கணக்கு அப்படியே நிற்கும். சிவகாசிக் குழந்தைகள் பற்றிய வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் இதை ஓரளவு உணர்ந்திருந்தது. குழந்தை ஒன்றுக்கு முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும், அந்த வீட்டில் பெரியவர் ஒருவருக்கு அரசு வேலை தேடித்தர வேண்டும், முடியாவிட்டால் அரசு தன் பங்காக 5,000 ரூபாய் போட வேண்டும் என்றது. சூளைக்கு அந்த மருந்தும் பொருந்தாது. இங்கே பெரியவர்கள் இரண்டு பேருக்கும் வேலை இருக்கிறது, விடிவதற்கு முன்பிருந்து இருக்கிறது. குறைவது வேலை அல்ல, விலை.

1982-இல் ஆசியாட் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் அதே நீதிமன்றம், குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவதே கட்டாய உழைப்பு என்று தீர்ப்பளித்தது. ஆயிரம் கல் விலையை அந்த அளவுகோலில் வைத்துப் பார்த்தால் போதும். இரண்டு பெரியவர்கள் எட்டு மணி நேரம் உழைத்தால் இரண்டு நாள் கூலி வருகிறதா? வந்தால் பெண் வீட்டில் இருப்பாள், இல்லை பள்ளியில் இருப்பாள்; அவளைக் களத்துக்குக் கூப்பிட அந்த அப்பனுக்கு ஆசையில்லை என்பது அவன் அவளுக்கு முதல் வாய் டீயை ஊதிக் கொடுப்பதைப் பார்த்தாலே தெரியும். கல் ஒன்றுக்குச் சில காசுகள் கூடும். பூந்தமல்லியில் பிளாட் வாங்குகிறவருக்கு அது மாடுலர் கிச்சன் செலவில் கால்வாசிகூட வராது என்பது என் மனக்கணக்கு. யாராவது இன்ஜினீயர் சரிபார்த்துக்கொள்ளலாம்.

வைகாசி கடைசியில் கணக்கு முடித்தார்கள். மேஸ்திரி கடைக்குள்ளேயே உட்கார்ந்து, நோட்டைப் பெஞ்சில் விரித்து, ஒவ்வொரு ஜோடியாகக் கூப்பிட்டான். அறுத்த கல், அதில் உடைசலுக்குக் கழிவு, வாரக் காசு, வந்த ரயில் டிக்கெட், நடுவில் பையனுக்குக் காய்ச்சல் வந்தபோது கொடுத்த பணம். அப்பன் கூட்டிப் பார்க்கவில்லை. பெண்தான் மேஸ்திரியின் தோளுக்குப் பின்னால் நின்று எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள், உதடு அசைந்தது. எந்தப் பள்ளியிலோ எண் மட்டும் கற்றிருக்கிறாள். கடைசியில் மிச்சக் கடன் ஒரு வட்டத்துக்குள் எழுதப்பட்டது. அடுத்த பருவத்துக்குப் பாக்கி.

"பொண்ணு வளந்துடுச்சு. அடுத்த தபா அச்சு புடிக்கும்" என்றான் மேஸ்திரி அக்காவிடம், ரூபாயை எண்ணிக்கொண்டே. "ஒன்ற ஜோடியா போட்டுக்கலாம்."